வலி நின்ன பெறகு

இல்லங்கய்யா, சால்வையெல்லாம் வேணாம். நெசமாத்தான் சொல்றேன், மடிச்சுப் பையிலயே வைங்க. கொய்யாப்பழம் சரி, வாங்கிக்கிறேன். பாலசமுத்திரத்துல இருந்து இத்தன வளைவு ஏறி, மடியில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. சாஹிரா, ஐயாவுக்கு டீ. சீனி போடலாமுல்ல?

உங்க மக சுகன்யா எப்படி இருக்கா, அதச் சொல்லுங்க மொதல்ல. காலு எவ்வளவு மடங்குது?

நடக்குறா, சரிங்கய்யா. நான் கேட்டது மடங்குறத. குப்புறப் படுத்துக்கிட்டு முட்டிய மடக்குனா குதிகாலு எது வரைக்கும் வருது? ஆப்பரேசன் ஆகி நாலு மாசம் ஆச்சுல்ல. சரி, ரெண்டு தொடையும் ஒரே சைஸா இருக்கா? பாத்தாத் தெரியாதுங்க, தையக்கார டேப்பு வச்சு அளக்கணும். அடிபட்ட காலு அர இஞ்சு கொறஞ்சிருந்தாலும் அந்தச் சத வேலை செய்யலைன்னு அர்த்தம். முட்டியப் பிடிச்சு நிப்பாட்டுறதே அந்தச் சததான்.

வலி இல்லைங்குறாளா?

அய்யோ. அதாங்க எனக்கு பயமே. வலி இருக்குற வரைக்கும் ஒழுங்கா எக்சசைஸ் பண்ணுவோம். வலி நின்ன பெறகுதான் ஆட்டத்தக் கலைக்கிறது. நான் கலைச்சேங்கய்யா. இந்த வலது முட்டி, பாருங்க. ஏழு வருசத்துக்கு முன்னாடி, கடல்ல, காலுல மாட்டியிருந்த பலக ஒரு பக்கம் போச்சு, காலு ஒரு பக்கம் போச்சு. உள்ள இருக்குற நாரு பாதி கிழிஞ்சிருச்சு. டாக்டரு ஆறு மாசம் எக்சசைஸ் பண்ணுன்னாரு. மூணாவது மாசம் வலி போச்சு. சீசன் வந்துருச்சு, காத்து நல்லா அடிக்குது, கூட இருக்குறவனெல்லாம் கடல்ல நிக்கிறான், நான் மட்டும் ரூம்ல துண்டச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு கெடக்கேன். விட்டுட்டேன். இப்ப எனக்கு முப்பத்தி நாலு. இங்க மலைமேல நாயுடுபுரத்துல காலையில அடிக்கிற குளுருக்கு முட்டி அப்படியே பூட்டிக்கிரும். பஜாருக்கு எறங்குற படியில பக்கவாட்டுல நண்டு மாதிரி எறங்குவேன். எங்கத்தா எழுவது வயசுல பள்ளிவாசல்ல தரையில தொழுவுறாரு. பக்கத்துல மகன் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு.

அதனால அவள விட்றாதீங்க. தெனமும் காலையில, சாயங்காலம். கால நீட்டித் தூக்குறது, ஒத்தக் கால்ல நிக்கிறது, ஒரு படி ஏறி எறங்குறது. அழுதாலும் பண்ண வைங்க. வீட்டுல சம்மணம் போட விடாதீங்க. சாப்பாடு மேசையில.

என்ன வேண்டுதல்?

உங்க வீட்டம்மா முருகேஸ்வரியம்மாவா வேண்டியிருக்காங்க? பழனி மலைக்குப் படியேறியா? ஐயா, ஐயா, வேண்டாங்க. உங்க சாமிய நான் குத்தமாச் சொல்லல. ரோப் கார் இருக்கு, விஞ்சு இருக்கு, அதுல போயிக் கும்பிடட்டும். ஏறுறதக் கூட விடுங்க, எறங்குறதுதான் முட்டியக் கொல்லும். அத்தனை படி எறங்குனா உள்ள புதுசா வச்சுத் தச்ச நாரு தாங்காது. முழுசா ஒரு வருசம் ஆகட்டும், டாக்டரு சரின்னு சொல்லட்டும், அப்பறம் ஏறட்டும். அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஃபோனப் போட்டுக் குடுங்க, நானே பேசுறேன்.

கையா? கையக் கேக்காதீங்க. அது கெடக்கு.

இல்லங்க, ஆப்பரேசன் பண்ணல. பாத்துக்கலாம். டீ எடுத்துக்குங்க.

நான் இந்தச் சோலிக்கு எப்படிப் போனேன்னா, இங்க ஏரியில படகு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வெள்ளைக்காரரு வந்தாரு, ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில கைட் போர்டிங் ஸ்கூல் தொடங்கப் போறேன், இங்கிலீஷும் பேசுற, தண்ணிக்கும் பயப்படல, வர்றியான்னாரு. அத்தாவுக்குச் சம்மதமில்ல. தைலமும் சாக்லேட்டும் விக்கிற கட இருக்கயில கடலுக்கு எதுக்குடான்னாரு. போயிட்டேன். ஒம்போது வருசம்.

நீங்க பாத்ததில்லையே அத? பட்டம்னா நம்ம புள்ளைக விடுற பட்டமில்லைங்க. இந்த ரூம விட அகலம். கயிறு இருவத்தஞ்சு மீட்டரு. இடுப்புல பெரிய பெல்ட்டு, அதுல கொக்கி, காலுக்கடியில ஒரு பலக. காத்து இழுக்கும், நம்ம தண்ணி மேல ஓடுவோம். நல்லா ஓடுற அன்னைக்கு ஒடம்புக்கு கனமே இருக்காது. சுகன்யாவுக்கும் ரெண்டாவது நாளே அது கெடச்சிருச்சு. பத்து மீட்டருதான் ஓடுனா, திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டரு முன்னாடி உக்காந்தே முதுகு போச்சு சார், இப்பத்தான் நிமிந்திருக்குன்னா.

என்னது?

திரும்பப் போறாளா? மே மாசமா? யார்கூட?

என்கூடயா.

சஃபீர் சார் இருந்தா மட்டும்தான் தண்ணியில எறங்குவேன்னு... அவளே சொன்னாளா? அதுக்கா வந்தீங்க? நான் சால்வைக்கு வந்தீங்கன்னு நெனச்சேன்.

உக்காருங்க. இல்ல, நான் நிக்கிறேன், என்னால உக்கார முடியல. ஐயா, அவ போகக் கூடாதுங்க. கடல் மேல தப்பில்ல. அந்த வெளையாட்டு மேலயும் தப்பில்ல. முறையாப் பண்ணா எத்தன வருசம் வேணும்னாலும் பண்ணலாம், அறுவது வயசு வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க வருசா வருசம் வருவாங்க, ஒரு கீறல் கெடையாது. எறங்குறதுக்கு முன்னாடி இருவது நிமிசம் ஒடம்பச் சூடு பண்ணுவாங்க. ஹெல்மெட்டு, நெஞ்சுக்கு மெத்த வச்ச ஜாக்கெட்டு, அது இல்லாம கால வைக்க மாட்டாங்க. காத்து கூடுதலா இருந்தா சின்ன பட்டம். மூணு நாள் எறங்குனா ஒரு நாள் ஓய்வு. அடி எப்ப படும் தெரியுங்களா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டுன்னு நெனைக்கிறோம்ல, அப்ப. அலுத்துப் போன ஒடம்புலதான் படும். இதெல்லாம் நானே எல்லாருக்கும் பாடம் எடுத்தவன். ஒம்போது வருசம் எடுத்தேன். கத்துக்க வர்ற புள்ளைக எல்லாங் கேக்கும், ஆழம் எவ்வளவு, மீனு கடிக்குமா, எல்லாம். சொல்லிக்குடுக்குறவன் ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒரு புள்ள கேட்டதில்ல. அதுக எதுக்குக் கேக்கும்.

வேற வாத்தியாரு வச்சுப் போகட்டும். ஒரு வருசம் கழிச்சு. நல்ல ஆளு, ரெண்டு பேரு இருக்காங்க, நம்பரு தாரேன். என்கூட வேணாம்.

பேப்பர்ல வந்ததையே சொல்றீங்க. ஃபோட்டோவுல தெரியுறது நெசந்தான். ஒரு கை தொங்குது, இன்னொரு கையில அவளத் தாங்கிக்கிட்டு மணல்ல நடந்து வாரேன். மாணவியைக் காப்பாத்தி கை ஒடஞ்ச பயிற்சியாளர்னு போட்டிருந்தான். நான் அப்படிச் சொல்லலைங்க. ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பேப்பர்காரன் கேட்டான், அவளக் காப்பாத்தையிலயா சார் இப்படி ஆச்சுன்னு. நான் பேசாம இருந்தேன். அவ்வளவுதான். நீங்க வந்து கால்ல விழப் போனீங்களே, அப்பவும் பேசாமத்தான் இருந்தேன்.

ஆமாங்க, கையத்தான் சொல்றேன். இந்தத் தோளு. ஸ்கேன் பாக்கணுமா? வேணாம், நானே சொல்றேன். எலும்பு உக்கார்ற கிண்ணத்துல ஓரமே தேஞ்சு போயிருக்கு. ஒரு நாள்ல அப்படி ஆகாதுன்னு ஸ்கேன் எடுத்தவரே சொன்னாரு. தோளு கிண்ணத்த விட்டு எத்தன தடவ எறங்கியிருக்குன்னு கேட்டாரு. எண்ணலைன்னேன்.

மொதத் தடவையா? அது சுகன்யா வர்றதுக்கு மூணு வருசத்துக்கு முன்னாடிங்க. மேல எகிறி விழுந்தேன், தோளு எறங்கிருச்சு. கூட இருந்தவன் இழுத்து உள்ள போட்டான். ஆறு வாரம் கையக் கழுத்துல கட்டித் தொங்கப் போடு, பெறகு நாலு மாசம் ரப்பர் பெல்ட்டு வச்சு இழுத்துப் பழகுன்னாங்க. பத்தொம்பதாவது நாளு கடல்ல நின்னேன். வலியில்லையே, அப்பறம் என்ன. அதுக்கப்பறம் அது பழகிப் போச்சு. பஸ்ல மேல பைய வச்சா எறங்கும். தூக்கத்துல திரும்புனா எறங்கும். பாத்ரூமுக்குள்ள போயி துண்டக் கடிச்சுக்கிட்டு நானே ஏத்திக்கிருவேன், சத்தம் வெளிய கேக்காது. கட்டுனவ சாஹிராவுக்கே தெரியாது. இப்ப உள்ள நின்னு கேட்டுக்கிட்டுதான் இருப்பா. ஸ்கூல்ல வருசா வருசம் ஒரு ஃபாரம் குடுப்பாங்க, பழைய அடி ஏதும் உண்டான்னு. இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூணு தடவ. அவளோட பேட்ச் வந்தப்பப் போட்டது மூணாவது.

அன்னைக்கு இடுப்பளவு தண்ணி. அவ முன்னாடி, நான் பின்னாடி. அவ பெல்ட்டுக்குப் பின்னால ஒரு கைப்பிடி இருக்கும், அத வலது கையில பிடிச்சிருக்கேன். காத்து திடீர்னு தூக்குச்சு, பட்டம் ஒரு சுத்து சுத்திக் கீழ வந்து இழுத்துச்சு. அப்ப செய்ய வேண்டியது ஒண்ணுதான். வலது கைய விடாம, எடது கையால அவ முன்னாடி இருக்குற செவப்புக் கட்டையத் தட்டி விடணும், பட்டம் செத்துரும். நூறு தடவ பண்ணியிருக்கேன். எடது கை கட்டைகிட்ட போயிருச்சு, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. சார் விட்றாதீங்கன்னா. வலது தோளு எறங்குச்சு. வெரலுக்கு ஒண்ணுமே ஆகலைங்கய்யா, அதுல பெலன் இல்ல, அவ்வளவுதான். தன்னால தொறந்துக்கிச்சு. பட்டம் அவளக் கரைக்கு இழுத்துட்டுப் போயி, அங்க ஏத்தி வச்சிருந்த வள்ளத்துலதான் அவ முட்டி இடிச்சது. தூக்குனதெல்லாம் அதுக்கப்பறம்.

அவளுக்குத் தெரியாதுங்க. தண்ணிதான் என் பிடியில இருந்து இழுத்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.

ரெண்டரைக்கு ஒரு பழனி பஸ்ஸு இருக்கு. நீங்க போயிச் சொல்லிக்கிறீங்களா, இல்ல நானும் கூட வந்து அவகிட்டச் சொல்லவா?