வழக்கொழிந்த சந்து

கதிர்காமத்திலிருந்து பெரிய மார்க்கெட் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும். அக்காள் கையில் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்.

“வழக்கொழிந்த சந்து, அதனால சுவர் எழுப்பப் போறேன்னு எழுதியிருக்கான். அப்படின்னா என்னாடி?”

அந்தச் சொல்லை நான் பரீட்சைக்கு மட்டுமே படித்திருந்தேன்.

“ஜனங்க வழங்கிட்டு வர்றதுதான் வழக்கு. அது நின்னுபோனா வழக்கொழிஞ்சது. பள்ளிக்கூடத்துல பழைய வார்த்தைங்களுக்குச் சொல்லுவாங்க” என்றாள் தங்கை.

“பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரத்துலயே சந்து ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு இருக்கு. முன்வாசல்ல பாடை திரும்பாது. எங்க மாமனாரை அந்தச் சந்து வழியாத்தான் எடுத்தோம். நாளைக்கு என்னை எப்படிடி தூக்குவீங்க?”

“அவருக்கப்புறம் யாரு அதுல நடந்தீங்க?”

அக்காள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “பொணம் போன வழின்னு யாரும் போகல.”

“அதைத்தான்க்கா அவன் எழுதியிருக்கான்.”

நோட்டீஸ் மடிந்து பைக்குள் போனது.

“நாம நடக்க ஆரம்பிச்சா ஒழிஞ்சதுன்னு சொல்ல முடியாதுல்ல?”

“முடியாதுதான். ஆனா சந்துக்கதவுப் பூட்டு துருப்பிடிச்சிருக்குமே?”

“மார்க்கெட்ல எண்ணெய் வாங்கிக்கலாம். இன்னிக்கு அந்த வழியாத்தான் வீட்டுக்குள்ள போறேன். நீயும் கூட வா.”

“நான் எதுக்குக்கா?”

“எனக்குப் பயமா இருக்குடி.”