வாகைகுளத்துக்கு ஒன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சாலை வழியே அறுநூறு கிலோமீட்டர். ஆகாய வழியே எழுபது குறையும். முப்பத்தொரு வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான், அய்யா. அட்லஸில் நூல் வைத்து அளந்திருக்கிறேன். விமானம் ஒன்றரை மணி நேரத்தில் வாகைகுளம் விமான நிலையத்தில் இறங்கிவிடும்.

இந்த ஒன்றரை மணி நேரத்தை முதலில் சொன்னது என் மகன் ஜெர்சன். சென்னையில் வேலை கிடைத்த அன்று, "ஒண்ணுன்னா பறந்து வந்திருதேம்ப்பா" என்றான். நான்கு வருடமாக வரவில்லை. அவன் அம்மா செல்வராணி நுரையீரல் பழுதாகி, வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்த பிறகும், "டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்று போனில் கேட்பதோடு சரி. இவளோ, "அவன ஒருதரம் பாத்துட்டாப் போதும்" என்பாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

ஆகவே வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அம்மா போய்விட்டாள் என்று அவனுக்குச் சொன்னேன். பத்தேகால் விமானத்தில் வருவதாகச் சொன்னான். வந்து உயிரோடு பார்த்தால் கொஞ்சம் திட்டுவான், பிறகு சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

அவன் எங்கள் பக்கத்து வீட்டுக் கிருபாகரனுக்கும் போன் செய்வான் என்று நினைக்கவில்லை. கிருபாகரன் காரியக்காரர். பத்தரைக்குள் பந்தல் வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெருமுனை வரை ஒட்டியாயிற்று. வேதக்கோயிலில் மணியும் அடித்துவிட்டார்கள். எங்கள் சபையில் இறந்தவரின் வயதுக்கு ஒன்றாக, விட்டு விட்டு அடிப்பது வழக்கம்.

செல்வராணி படுத்தபடியே எண்ணினாள்.

"அறுபத்தாறு. நம்ம வயசுக்காரி ஆரோ. ஆருங்க?"

"தெரிஞ்சவங்கதான்."

"பாவம். பிள்ள வந்தாச்சாமா?"

"விமானத்துல வந்துக்கிட்டிருக்கான்."

"குடுத்து வச்சவ" என்றாள்.

தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வெளியே கிருபாகரன், "அண்ணாச்சி, கதவத் தொறங்க. ஐஸ் பெட்டி வெயில்ல நிக்கு, சபை ஐயரும் ஜெபம் பண்ண வாரப்போறாரு" என்றார்.

"துணி மாத்திக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நிதானமாகத்தான் யோசித்தேன். அறுபத்தாறு முறை அடித்த மணியைத் திரும்ப வாங்க முடியாது. மகன் என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டால், உண்மையாகவே நடக்கும் அன்று வரமாட்டான். அவன் இல்லாமல் இவளை அடக்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றேகாலுக்கு மெஷினை அணைத்தேன்.

"கரண்டு போச்சா?" என்றாள்.

"இப்ப வந்திரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் நான் உடுத்திவிட்ட நல்ல சேலை அவிழாமல், தலை கலையாமல்தான் போனாள். பதினொன்று நாற்பது. விமானம் இறங்க ஐந்து நிமிடம் இருந்தது. அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஜெர்சன் வந்தான். பெட்டிக்குள் வைக்குமுன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன், சட்டென்று நிமிர்ந்தான்.

"அப்பா, அம்மா இன்னும் சூடா இருக்காங்க."

எட்டு மணிக்கு இறந்தவளுக்கு அந்தச் சூடு இருக்கக் கூடாது. தூரம் பார்த்தேன், நேரம் பார்த்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மெஷினை நிறுத்தியது நான்தான். அதோடு வாக்குமூலத்தில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அய்யா: அவள் கேட்டது மகன் வர வேண்டும் என்பது மட்டும்தான். வரவழைத்துவிட்டேன்.