டைப்பிஸ்டுக்குக் காதல் வந்த காரணம்

அலுவலகக் காதலே எனக்குப் பிடிக்காது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சார். அது தவறு. எழுதத் தெரியாதவர்கள் எழுதும் அலுவலகக் காதல்தான் பிடிக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். முகிலனைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய டிவி காமெடித் தொடர் ஒன்று. என் மனைவி ஷியாமளா அதை யூடியூபில் தேடிப் பிடித்து, துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு ஹாலில் தினமும் பார்ப்பாள். ஓர் ஆபீஸ். ஓர் அக்கவுண்டண்ட், ஒரு டைப்பிஸ்ட். முதல் நாற்பது வாரம் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று சண்டை போடுவார்கள். அடுத்த வாரம் காதலிப்பார்கள். நடுவில் எதுவும் நடக்காது. தொடர் தொய்ந்துவிட்டது, தயாரிப்பாளருக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அக்கவுண்டண்ட் காதலைச் சொல்லும்போது டைப்பிஸ்டின் கண்கள் கேமராவுக்குப் பின்னால் எதையோ, அநேகமாகச் சாப்பாட்டு வண்டியை, பார்த்துக்கொண்டிருக்கும்.

காரணம் இல்லாமல் காதல் வராது என்று ஷியாமளாவுக்கு எபிசோட் எபிசோடாக விளக்கினேன்.

“நமக்கு என்னங்க காரணம் இருந்துச்சு? ஒன்பது பொருத்தம். அது மட்டும் நம்புற மாதிரி இருக்கா?” என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்டர்களும் தொடர் எழுதலாம்.

தனி ஆளுக்கு அந்த வீடு பெரிது. எங்கள் கம்பெனியில் பிளானிங் எஞ்சினியராக இருந்த முகிலனை உள் அறையில் சேர்த்துக்கொண்டேன். குளித்த பிறகு பாத்ரூம் தரையைத் துடைத்துவிட்டு வருவான். இந்த ஊரில் நல்லவன் என்பதற்கு அது போதும்.

போன கோடையில் சைட்டில் மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடவில்லை என்று சூப்பர்வைசரிடம் சமாளித்துவிட்டு, ரகசியமாக ஒரு கிளினிக்குக்குப் போனான். இதயத் தசை பலவீனம், வெயிலில் வேலை பார்க்கவே கூடாது என்றார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று இங்கே எல்லோரும் நினைப்பதையே அவனும் நினைத்தான். ரூமில் இருக்கும் தமிழன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். இன்று உங்களிடம் சொல்லும்வரை அதை நான் மீறவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுகுவலி என்று சொல்லி ஆபீசுக்குள் வேலை வாங்கிக்கொண்டான். பக்கத்து மேசையில் தன்யா. கோயம்புத்தூர்ப் பெண், டிராயிங்குகளையும் கோப்புகளையும் பார்த்துக்கொள்பவள். ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று இருவருக்கும் சண்டை. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், காதல். எதிர் மேசையில்தான் இருந்தேன், சார். நடுவில் எதுவும் நடக்கவில்லை. ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரையெல்லாம் எடுத்துவிட்டு அவளுக்குக் கொடுப்பான். அவ்வளவுதான் ஆதாரம். இதயத்தில் கோளாறு என்பதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. மகத்தான காதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகிலன் டீயோடு வந்து, ஷியாமளா உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தான். பார்த்தான், சிரித்தான்.

“அண்ணே, இது அப்படியே நானும் தன்யாவும்தான். அவங்கப்பா ஒத்துக்கிட்டாரு. துபாய் வேலைங்கிறதாலதான். ஆவணியில கல்யாணம்ணே.”

வாழ்த்தினேன். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அந்த வாரம் மேனேஜர் ராஜீவ் என்னைக் கூப்பிட்டார். சவுதியில், ஜுபைலில் ஓர் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, ஜூலை முழுக்க, சைட்டிலேயே நிற்க ஒரு பிளானர் வேண்டும், யாரை அனுப்பலாம் என்று கேட்டார். நான் அட்மினில் இருக்கிறேன். பெயர் சொல்வதுதான் என் வேலை. சொன்னேன்.

அன்று மாலை முகிலன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணே, வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்களேன்.”

“காரணம் கேப்பாரு. சொல்லட்டுமா?”

உள்ளே வந்து குக்கர் அடுப்பைக் குறைத்தான்.

“வேணாம்ணே. கல்யாண நேரத்துல வேலை போயிரும். ஒரு மாசம்தான, சமாளிச்சிக்கிறேன்.”

முடிவு அவனுடையது என்பதைக் கவனியுங்கள். நான் ஒரு கேள்வி மட்டும்தான் கேட்டேன். அவன் என்ன பதில் சொல்வான் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அங்கே போனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். நான் விலங்கியல் பட்டதாரி, சார். ஜுபைலில் ஜூலை வெயில் எவ்வளவு என்பது போனிலேயே வரும். தெரியும்.

முதல் வாரம்கூட முடியவில்லை. மதிய வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டத்தை அங்கே ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அவன் விழுந்தது காலையில். இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வளைகுடாவில் நாங்கள் எல்லோரும் இயற்கையாகத்தான் சாகிறோம். உடலை ஊருக்கு அனுப்பும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். முன் அனுபவம் இருந்தது.

தன்யா சில நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மனதைத் தேற்றிக்கொள், வேலையில் கவனம் செலுத்து என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ, என்னிடம்தான் கேட்டாள்.

“அக்கா போனதுக்கப்புறம் நீங்க எப்படிங்ண்ணா இருக்கீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகிலனுடைய நாற்காலி. வெகு நாளைக்குப் பிறகு ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசினேன்.

பொறாமை என்று எழுத வேண்டாம். அந்தப் பெண் மேல் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. கதையில் ஓர் ஓட்டை இருந்தது, அடைத்தேன். அவள் அவனை உண்மையாகவே காதலித்தாள் என்று இப்போது யாரும் நம்புவார்கள். நானே நம்புகிறேன்.

முன்பெல்லாம் டீ நேரத்தில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது நான் ஒருவன்தான். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.