இடப்பக்கத்துப் பள்ளம்

சைக்கிளின் தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது, சார். ஊறிப்போய்த் தொய்ந்துவிடும். தேன்மெழுகு கலந்த பாலிஷைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, நிழலில் விட வேண்டும். மழையில் நனைந்துவிட்டால், அவசரப்பட்டு வெயிலில் வைக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

உட்காருகிறவனின் உடம்புக்கு ஏற்றபடி அந்தத் தோல் பதிந்துகொள்ளும். என் சீட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் பதிந்திருந்தது. போன வருஷம் இடப்பக்கம் மட்டும் இறங்க ஆரம்பித்தது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். "தோல் சாமானெல்லாம் ஆத்துக்குள்ள வேண்டாம்" என்று என் மனைவி ஸ்ரீவல்லி கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அதனால் சைக்கிள் வாசலில்தான் நிற்கும். எதிர் போர்ஷன் தனசேகருக்கும் அதே வாசல்தான். அவனும் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு திருமலை அடிவாரத்து அலிபிரி வரை வருவான்.

அவனிடம் நேராகவே கேட்டேன். "உங்க சைக்கிளை நான் தொட்டதே இல்லண்ணா, எங்கம்மா மேல ஒட்டு" என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். செய்யாதவனுக்குச் சத்தியம் எதற்கு? ஸ்ரீவல்லி வேறு அவனுக்குப் பரிந்துகொண்டு வந்தாள்.

"நீங்கதான் இடுப்பு வலின்னு ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துக்கறேள். அவரைப் போய்ச் சந்தேகப்படறேளே."



அந்த ஞாயிற்றுக்கிழமை அலிபிரியிலிருந்து திரும்பும்போது, சைக்கிளை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "வேணாண்ணா, உங்க சீட்டு எனக்கு ஒத்து வராது" என்றான். உட்காராமலே அது எப்படித் தெரியும்? வற்புறுத்தி ஏற்றினேன். சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பழகினவன் போல உட்கார்ந்தான். எனக்கு அது போதும். பிரேக் ஒயர் இரண்டையும் அதற்கு முன்பே, அவன் டீ வாங்கப் போன நேரத்தில், கழற்றிவிட்டிருந்தேன். இறக்கத்தில் பஸ் வந்தது.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அவன் மனைவி ஹரிதா எங்கள் வீட்டில்தான் விழுந்து புரண்டு அழுதாள். ஸ்ரீவல்லி அவளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் சீட்டைத் துடைத்தேன். நல்லவேளை, ஒரு கீறல்தான். வேறு சைக்கிள் வாங்கி, சீட்டை அதில் மாட்டினேன்.

இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவன் போய் மாசக்கணக்காகிறது. பள்ளம் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தனசேகர் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆள் மாறிப்போய்விட்டது. மாடி போர்ஷனில் கிஷோர் என்று ஒருவன் இருக்கிறான். கேட்டால் அவனும் சத்தியம் செய்கிறான்.

நீங்கள் விசாரிக்கிறீர்களா சார், இல்லை நானே பார்த்துக்கொள்ளட்டுமா?