ஹால்வர்சன் கட்டடத்தின் பின்கதவு

இந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்த்து நடப்பதில்லை, ஆபீசர். பனியில் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லோருக்கும் கண் தரையிலேயே இருக்கும். பஃபலோவில் எஃகு ஆலைகள் ஓடிய காலத்துப் பணக்காரர்கள் தங்கள் பெருமையையெல்லாம் கட்டடங்களின் நெற்றியில்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் காட்டத்தான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன்.

ஹால்வர்சன் கட்டடத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். உச்சி வரைக்கும் செங்காவிச் சுடுமண்ணில் இலையும் கொடியும். கூரைக்குக் கீழே வரிசையாகச் சிங்க முகங்கள். உள்ளே ஓக் மரப் படிக்கட்டு, கைப்பிடியைத் தாங்கும் ஒவ்வொரு கம்பிலும் ஒரு செதுக்கல். முதல்முறை பார்த்தபோது அழுதுவிட்டேன். என் கணவர் இறந்தபோதுகூட அப்படி அழுகை வரவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

காலியாகக் கிடந்த அதை இடிப்பதா காப்பதா என்று பிப்ரவரி கடைசியில் நகரசபை ஓட்டெடுப்பு நடத்த இருந்தது. எங்கள் ஊரில் காலிக் கட்டடத்துக்கு எமன் நெருப்புதான். குளிருக்கு ஒதுங்குகிறவன் எதையாவது மூட்டுவான், புகை கிளம்பும், ஆபத்தான கட்டடம் என்று எழுதி, ஓட்டெடுப்புக்குக்கூடக் காத்திராமல் இடித்துத் தள்ளிவிடுவார்கள். அப்படிப் போன கட்டடங்களின் முன்னால் நின்று நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

வெண்டெல் அதன் பின்கதவு வழியாக வந்து போய்க்கொண்டிருந்தான். கார் ஆலையில் வேலை பார்த்தவன், வீடு போய்விட்டது. நான் சிங்க முகங்களைக் காட்டிப் பேசுவதைக் கேட்டு எனக்குச் சிங்கத்தம்மா என்று பெயர் வைத்திருந்தான். படிக்கட்டுக் கம்புகள் சிலவற்றை அவன் எரித்திருந்ததைப் பார்த்ததும் நேரே அவனிடம் போனேன்.

"வெண்டெல், இது உங்க தாத்தாவுக்கும் முந்தின மரம்."

"மரம்னா எரியத்தானே செய்யும், சிங்கத்தம்மா? நேத்து ராத்திரி குளிர்ல என் மூக்கு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

"வீடில்லாதவங்க தங்குற விடுதி இருக்கே, அங்க போயேன்."

"அங்க போனா ஷூவைத் திருடிடுறானுங்க. இங்க உங்க சிங்கம் காவலுக்கு இருக்குல்ல?" சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். "சரி சரி, முறைக்காதீங்க. இனிமே மரத்துல கை வைக்க மாட்டேன். சத்தியமா."

சத்தியம் செய்கிறவர்களை ஆயுள் முழுக்க வகுப்பறையில் பார்த்தவள் நான். நம்பவில்லை.

காதலர் தினத்தன்று, ஆபத்தில் இருக்கும் கட்டடத்தில் சிவப்புக் காகித இதயங்களை ஒட்டி, கைகோத்துச் சுற்றி நின்று அதைக் கட்டிப்பிடிப்பது, பழைய கட்டடங்களைக் காக்கும் எங்கள் சங்கத்தின் வழக்கம். அதற்கு முன்னால் திறந்து கிடக்கும் இடங்களைப் பலகை வைத்து அடைத்துவிடுவோம். முன்கதவையும் ஜன்னல்களையும் இலையுதிர் காலத்திலேயே அடைத்தாயிற்று. மிச்சம் பின்கதவு ஒன்றுதான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் விதி. நான் போய் வந்தேன். பலகையோடு நின்றவர் நார்ம்.

"யாராவது இருக்காங்களா, லொரெய்ன்?"

"இல்ல. மூடிடு, நார்ம்."

அந்தப் பலகையில் முதல் இதயத்தை ஒட்டியது நான்தான். கைகோத்து நின்றபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. என் பக்கத்தில் நின்ற டெப்பி திரும்பினாள்.

"யாரோ தட்டுற மாதிரி இல்ல?"

"பழைய கட்டடம். குளிர்ல குழாய் அப்படித்தான் தட்டும்."

"அடேயப்பா, நம்மகிட்ட பேசுது பாரு!" என்றார் நார்ம். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் குழாய்களைத் திருடர்கள் என்றைக்கோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் புலம்புவேன். நார்முக்குத் தெரியும், டெப்பிக்கும் தெரியும். ஏன் சிரித்தார்கள் என்று நீங்கள் அவர்களைத்தான் கேட்கவேண்டும். அப்புறம் எல்லோரும் சர்ச் கூடத்துக்குப் பொரித்த மீன் சாப்பிடப் போனோம்.

மறுநாளும் போனேன். பலகையில் காதை வைத்தேன். "சிங்கத்தம்மா" என்று கூப்பிட்டான். வெளியே நிற்பது நான் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. நான் பதில் பேசவில்லை. அடுத்து பனிப்புயல் வந்தது. அது ஓய்ந்தபின் அங்கே சத்தம் இல்லை. தட்டல் என் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. படுக்கையறைச் சுவரில் கேட்கிறது, பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆபீசர்.

ஓட்டெடுப்பில் ஜெயித்தோம். கட்டடம் இனி யாருக்கும் பயப்படவேண்டாம்.

நீங்கள் கேட்பதற்குப் பதில், ஆமாம். அன்று உள்ளே போனபோது அவனைப் பார்த்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் வெளியே போவான், கடப்பாரை எதையாவது தேடிப் பிடித்து, எந்தப் பலகையையாவது பெயர்த்துக்கொண்டு திரும்ப வருவான். அதனால் சத்தம் போடாமல் இறங்கி வந்தேன்.

அவன் சட்டைப்பையில் தீப்பெட்டி நிறையக் குச்சி இருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். சுற்றிலும் காய்ந்த ஓக் மரம். சத்தியம் செய்தபின் ஒரு கம்பைக்கூட அவன் தொடவில்லை. எத்தனையோ பேருக்கு அந்தப் படிக்கட்டின் அருமையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆபீசர். முழுசாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.