பக்கிரி போட்ட ஷட்டரில் குற்றமில்லை

இந்தக் காலத்துல எது கெட்டாலும் வேலை செஞ்சவன் தலையில கட்டிட்டுப் போயிடுறாங்க. செவுரு வெடிச்சா கொத்தனார் திருடன். கதவு இறங்கினா ஆசாரி திருடன். வீட்டுக்காரன் உப்புத் தண்ணியில கலவை போடச் சொன்னதை ஒருத்தனும் கேக்குறதில்ல.

ஐயா, பக்கிரியை நேத்துலேர்ந்து இந்த ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கீங்க. அவரு போட்ட ஷட்டர் நழுவி என் மருமகன் ராஜவேல் கை நசுங்கிச்சுன்னு எழுதியிருக்கீங்களாம். அது தப்பு. அந்த ஷட்டர் ஸ்பிரிங்கு நல்ல ஸ்பிரிங்கு. பாதியில விட்டா பாதியிலயே நிக்கும். அதைச் சொல்லத்தான் புவனகிரியிலேர்ந்து பஸ் ஏறி வந்தேன். நாற்காலி வேணாம். நின்னே சொல்றேன்.

பேரு தேவசகாயம். வயசு அறுபத்தெட்டு. படிப்பு மூணாங்கிளாசு. நாப்பத்தஞ்சு வருசம் கொத்தனார். எனக்கு ஒரே பொண்ணு, இசைவாணி. அவ அம்மா சின்னம்மாள் போய் ஆறு வருசம் ஆச்சு. சோறு, துணி, மருந்து எல்லாம் இசைவாணி கையாலதான். மருமகனும் எங்க வீட்டுலயே இருக்கான். சிதம்பரத்துல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கான். கல்யாணப் பத்திரிகை அடிப்பான், பரீட்சை பாரம் நிரப்புவான். ஆள் வராத நேரத்துல கல்லு விழுற ஆட்டம் ஆடுவான்.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியாததில்ல. இசைவாணி சின்னப் புள்ளையா இருக்கறப்ப சந்தையில உள்ளங்கை அகலத்துல பேட்டரி போட்ட ஒரு விளையாட்டுப் பொட்டி வாங்கிக் குடுத்தேன். திரையில மேலேர்ந்து தினுசு தினுசா கல்லு விழும், திருப்பி அடுக்கணும், ஒரு வரி ரொம்பினா அந்த வரி மறையும். அது யோக்கியமான பொட்டி. கல்லு கீழ தொட்டுச்சுன்னா ஒட்டிக்கும். அப்புறம் அசைக்க முடியாது. அதுல நீளக் கம்பி மாதிரி ஒரு கல்லு உண்டு, அது வரணும்னு காத்துக்கிட்டிருந்தா முப்பது கல்லு ஆனாலும் வராது. செங்கல் காளவாயிலேர்ந்து வர்ற லோடும் அப்படித்தான், நமக்கு வேண்டியது வராது, வந்ததை வெச்சுக் கட்டணும்.

ராஜவேல் கம்ப்யூட்டர்ல ஆடுறது வேற. அதுல கல்லு தரையைத் தொட்டப்புறமும் ஒட்டாது. அரை விநாடி இடம் குடுக்குது. அந்த அரை விநாடியில இவன் திருப்பினா கல்லு மூலையில இடிச்சு, எகிறி, பக்கத்துப் பொந்துக்குள்ள போய் உக்காருது. ஈரக் கலவை மேல வெச்ச கல்லு தானா எழுந்து அடுத்த சந்துக்குப் போனா எந்தக் கொத்தனாராவது நம்புவானா?

"மாமா, வேகம் ஏற ஏற கல்லு விழுறதே கண்ணுக்குத் தெரியாது. வர்றப்பவே தரையில இருக்கும். அந்த அரை விநாடி இல்லன்னா மனுசனால ஆடவே முடியாது. பழைய பொட்டியில வேகம் கம்மி, அதனால அதைச் செஞ்சவன் அரை விநாடி வேணாம்னு விட்டுட்டான்" அப்படின்னான்.

எனக்குத் திருப்தியாகல. தினம் போய் அவன் முதுகுக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உக்காந்தேன். ஜோப்புல புளியங்கொட்டை போட்டுக்கிட்டுப் போய் எண்ணினேன். ரெண்டு நீளக் கம்பிக்கு நடுவுல பன்னெண்டு கல்லுக்கு மேல ஒருநாளும் போகல. எவனோ உள்ள நின்னு பொறுக்கி எடுத்துக் குடுக்கிறானான்னு கேட்டேன். சிரிச்சான்.

"பொறுக்கி எல்லாம் இல்ல மாமா. ஏழு தினுசையும் ஒரு பையில போட்டுக் குலுக்குற மாதிரி. ஏழும் வெளிய வந்தப்புறம்தான் மறுபடி ஏழு போடும். கொட்டை கொண்டு வந்தீங்களே, அதுல பல்லாங்குழி ஆடியிருக்கலாம்."

இன்னொண்ணும் பாத்தேன். கல்லு வர்றதுக்கு முன்னாடியே அவன் வலது கை விரல் பட்டனை அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. வராத கல்லுக்கு எதுக்குடா அமுக்குறன்னு கேட்டேன். பட்டனைப் புதுசா அமுக்கினா கல்லு ஒரு அடி நகர்ந்து, கொஞ்சம் தயங்கி, அப்புறம்தான் ஓடுமாம். முன்கூட்டியே அமுக்கி வெச்சா தயங்காம செவுத்துக்கு ஓடிடுமாம். எனக்குத் தோணினது வேற. மெஷின் தானா ஆடுது, இவன் கையை மேல வெச்சுக்கிட்டு பாவனை பண்றான்.

சாப்பாடு கொண்டு வந்த இசைவாணி, "ஏம்பா, கோயில்ல பிடிபட்ட செருப்புத் திருடனைப் பாக்குற மாதிரி அவரைப் பாக்குறீங்க" அப்படின்னுச்சு. அவன், "விடு, மாமாதான் என் முதல் ரசிகர்" அப்படின்னான். ரெண்டும் சேர்ந்து சிரிச்சுதுங்க.

இதுக்கு நடுவுல பெங்களூர்லேர்ந்து ஒரு கம்பெனி கூப்பிட்டாங்க. செல்போன்ல ஆடுற ஆட்டம் செய்யிறவங்க. இவன் ஆடுனதைப் படம் புடிச்சு எதுலயோ போட்டிருந்தானாம், அதைப் பாத்துட்டு வேலைக்கு வரச் சொன்னாங்க. உச்ச வேகத்துல கல்லு சரியா நடக்குதான்னு ஆடிப் பாத்துச் சொல்லணும், அதான் வேலை. செப்டம்பர் ஒண்ணாந்தேதி சேரணும். அதுக்கு முன்னாடி அவுங்க எதிர்ல உக்காந்து ஒருதரம் ஆடிக் காட்டணும். இசைவாணியும் கூடப் போறதா முடிவாச்சு. அலமாரித் துணியெல்லாம் பொட்டிக்குள்ள போச்சு. எனக்குப் பக்கத்து வீட்டு ஞானாம்பாள் சோறு குடுப்பாங்கன்னு பேசி வெச்சாங்க. "மாசம் ஒருக்கா வந்துடுவோம்பா"ன்னு இசைவாணி சொல்லிச்சு. சரின்னேன். என் கவலை அது இல்ல. ஒரு பொய்யை நம்பி ஊர் விட்டு ஊர் போறாங்களேன்னுதான்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. தளம் போட்டா அடியில சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்திருப்போம். நாள் ஆனப்புறம் தளம் தன் பலத்துல நிக்குதா, கம்பு தாங்குதான்னு மேலேர்ந்து பாத்தா தெரியாது. கம்பை உருவணும். நின்னா தளம். விழுந்தா கம்பு. வேற சோதனை கிடையாது.

ஆகஸ்ட் பதினேழு, செவ்வாய்க்கிழமை. பகல் ஒரு மணி. சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டுற நேரம். ராஜவேல் ஷட்டரைப் பாதி இறக்கி, பூட்டைத் தேடிக்கிட்டிருந்தான். ஷட்டர் வந்து உக்கார்ற தரைச் சட்டத்துல ஒரு ஜல்லி சிக்கியிருக்கு, மூட முடியாது, எடுத்துடுன்னு சொன்னேன். குந்தி உக்காந்தான். வலது கையைச் சட்டத்துக்குள்ள விட்டான். நல்லா இறுகியிருந்துச்சு, நகத்தால நெம்பிக்கிட்டிருந்தான்.

ஜல்லியை வெச்சது நான்தான். காலையில ரோட்டு ஓரத்துலேர்ந்து சட்டத்துக்குத் தோதா ஒண்ணு பொறுக்கி, சுத்தியால ஒரு தட்டுத் தட்டி இறுக்கினேன்.

அவன் கை உள்ள இருக்கறப்பவே கொக்கிக் கம்பியை ஷட்டர்ல மாட்டி, என் உடம்புக் கனத்தையும் குடுத்து இழுத்தேன். ஒரே இழுப்பு. நல்லா எண்ணெய் போட்டிருந்தாரு பக்கிரி, எங்கயும் தட்டல. திரும்பத் தூக்கினப்பவும் லேசா ஏறுச்சு. அதனாலதான் அவரு வேலையில குத்தம் இல்லன்னு சொல்றேன்.

அவனை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனாங்க. நான் உள்ள போய் ஸ்டூல்ல உக்காந்தேன். ஆட்டம் தொடங்குற பட்டன் எதுன்னு பாத்து வெச்சிருந்தேன், அமுக்கினேன். கல்லு வந்துச்சு. வந்தது வந்த இடத்துலயே ஒண்ணு மேல ஒண்ணு நடுவுல குமிஞ்சு, நான் மூச்சு விடுறதுக்குள்ள மேல முட்டிடுச்சு. மறுபடி அமுக்கினேன். அதேதான். ஏழெட்டுத் தரம் பாத்தேன். அப்புறம் வாசல்ல ரத்தத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன்.

அப்போ அவன் கைதான் ஆடியிருக்கணும்னு நீங்க சொல்லுவீங்க. எனக்கும் அங்க உக்காந்திருக்கறப்ப ஒரு நிமிசம் அப்படித் தோணுச்சு. ஆனா அவன் ஆடறப்ப ஒரு மாதிரியும், நான் உக்காந்தா ஒரு மாதிரியும் நடந்துக்கச் சொல்லி அந்த மெஷினுக்கு அவனே சொல்லி வெச்சிருக்கலாம் இல்லையா?

கடலூர் ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. மூணாவது மடங்காதாம். பாக்கப் போனேன். "மாமா, அந்த ஜல்லி எப்படி வந்துச்சு?" அப்படின்னு மட்டும் கேட்டான். ரோட்டு வேலை நடக்குதேன்னேன். இசைவாணி என் முகத்தைப் பாக்கல. கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

பெங்களூர்க்காரங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாம். பொட்டியில போன துணியெல்லாம் மறுபடி அலமாரிக்கு வந்துடுச்சு. அதுக்காகத்தான் நான் செஞ்சேன்னு எழுதிடாதீங்க. அது வேற, இது வேற.

பக்கிரியை அனுப்பிடுங்க, புள்ள குட்டிக்காரரு. என்னைத் தேடணும்னா வீட்டுலதான் இருப்பேன். விரல் போனதாலதான் அவனால ஆட முடியலைன்னு ஊரே சொல்லுது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. நான் நடக்கறேன், பன்னெண்டு மணி பஸ்ஸைப் புடிக்கணும். இசைவாணி மீன் ஆய்ஞ்சு வெச்சிருந்துச்சு. இனிமே எம் பொண்ணு எங்கயும் போகாது.