முதுநகரில் உடையாத பூசணிக்காய்

அவைக்குத் தலைமையேற்று, மாலையின் மணத்தில் கண்மூடி அமர்ந்திருக்கும் அண்ணன் கோவிந்தசாமி அவர்களே! முன்வரிசையை மதியமே கைப்பற்றிய முதுநகர்ப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

கடலூரில் கலைக்கு ஒரு கூடமா என்று கேட்டார்கள். கப்பல் வந்த ஊரில் கலை வரக்கூடாதா? முந்திரி வைத்த குடோனில் முயற்சியை வைக்கக்கூடாதா? இரண்டாயிரத்து ஆறில் வைத்தோம்! பெருநகரக் காட்சிக்கூடங்கள் கதவைச் சாத்திய பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்தோம்! குடோனைத் தந்தவர், இதோ அமர்ந்திருக்கும் தைலம்மாள் அத்தை.

திறப்பு விழா நாள். வாசலில் தொங்கியது, சிதம்பரத்துப் பெண் அனுப்பிரியா மாதக்கணக்கில் உழைத்துக் காகிதக்கூழில் செய்த பூசணிக்காய். அவர் வாழ்வில் காட்சிக்கு வந்த முதல் படைப்பு! புதிதாய்த் திறக்கும் வாசலில் பூசணிக்காயைக் கண்டால் நம் ஊர் சும்மா இருக்குமா? அத்தை அவிழ்த்தார். கற்பூரம் ஏற்றினார். சுற்றினார். “பிஞ்சு போலக்குது, கனமே இல்ல” என்றபடி நடுத்தெருவில் ஓங்கிப் போட்டார்.

உடைந்ததா? இல்லை! எழுந்தது! எகிறியது! தலைவர் அவர்களே, தங்கள் முழங்காலில் மோதியது! (யாரப்பா அங்கே சிரிப்பது? அவருக்கு மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது.) இளைஞர்கள் மிதித்தார்கள், எத்தினார்கள். மினிபஸ்ஸே ஒதுங்கிப் போனது. காய் உருண்டதே தவிர உடையவில்லை.

அத்தையின் முகம் மாறியது. “சுத்திப் போட்ட காயி ஒடயலன்னா எடம் வெளங்காது. சாவியக் குடுத்துட்டு எல்லாரும் கெளம்புங்க.”

ஐயகோ! திறந்த அன்றே பூட்டா? “அத்தை, அது கலைப்பொருள்!” என்று கதறினேன்.

“கலையோ கிலையோ, ஒடயணும்.”

அப்போது வந்தார் அனுப்பிரியா. அழுதாரா? அழுதார். இளநீர்க்காரரிடம் கத்தியை வாங்கி, அழுதுகொண்டே ஒரே வெட்டு! பிளந்த காய்க்குள் தாமே குங்குமமும் கொட்டினார்.

அத்தை பதறிப்போனார். “ஏம்மா, உம் பொருள நீயே வெட்டிட்டியே?”

“செஞ்சதுதான அத்த போச்சு. எடம் இருந்தா இன்னும் செய்வேன். எனக்கு மட்டுமா எடம்? இன்னும் எத்தினி பேரு வருவாங்க!”

வந்தார்கள், தோழர்களே! இந்த ஆறு ஆண்டுகளில் வந்து நின்ற ஓவியர் எவரையும் இந்தக் கூடம் திருப்பி அனுப்பியதில்லை. இதைக் காத்தது என் பேச்சா? தலைவரின் முழங்காலா? இல்லவே இல்லை! முதல் படைப்பைத் தானே வெட்டிய அந்தக் கை!

அந்தக் கை படைத்தவற்றுக்கு மட்டுமேயான முதல் தனிக்காட்சி இன்று உள்ளே காத்திருக்கிறது. அத்தை, சாவி உங்கள் இடுப்பில்தானே இருக்கிறது? எழுந்து வாருங்கள், கதவைத் திறங்கள்! பொறுத்திருந்த செவிகளுக்கெல்லாம் நன்றி சொல்லி, கும்பிட்டு மேடையிறங்குகிறேன்.